பிலோ நீக்கிய தலைப்பு

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். அட்டெண்டர் மஞ்சம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "பிலோ மிஸ் ஹோக்பிட்ரந்தே" என்றார் கன்னடத்தில். பிலோ மிஸ் போய்விட்டாராம். காலையில் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். பிள்ளைகள் எழுதி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் பெஞ்சுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். "மிஸ், நீங்க நடக்கறது டிஸ்டர்பா இருக்கு" என்று ஒரு பெண் சொன்ன பிறகுதான் நின்றேன். அன்றிலிருந்து இன்றுவரை ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நம் பள்ளிப் புவியியல் ஆசிரியை பிலோமினாவை இந்த நினைவுக் குறிப்பில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. பதினாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவளை அப்படி எழுதக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருடைய போனில் அந்த வீட்டுக்கணக்கு ஆப்பை ஏற்றிவிட்டவள் அவள்தான். ஏற்றியதும் முதல் வேலையாக, அதில் தயாராக இருக்கும் 'இதர செலவுகள்' என்ற தலைப்பை நீக்கிவிடுவாள். என் போனிலும் அப்படித்தான் செய்தாள். "இது இருந்தா எல்லாத்தையும் இதுலதான் கொட்டுவ. அப்புறம் நீயே தேட மாட்ட மா" என்றாள். சில்லறைக்கு எங்கே போவது என்று கேட்டேன். "பேர் இல்லாத செலவுன்னு ஒண்ணு கிடையாது. பேர் சொல்லக் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான்."

ஊருக்கு உபதேசம் செய்கிறவள் என்று அவளைச் சொல்ல முடியாது. அவளுடைய கணக்கில் 'புடவை' என்ற தலைப்பு மாதம் தவறாமல் வரம்பு தாண்டிச் சிவப்பாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை நடுவில் வைத்து எல்லோருக்கும் காட்டுவாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைகளில் தள்ளுபடி போட்டால் நான் என்ன செய்ய என்பாள். "சிவப்பா வந்தா வெக்கப்பட வேணாம். ஆனா கண்ணால பாக்கணும்." எனக்கு எரிச்சலாக வரும். சிவப்பைக் காட்டிச் சிரிக்க முடிந்தவர்களுக்கு அது சுலபம் என்று நினைத்துக்கொள்வேன்.

என் சிவப்பை நான் காட்ட முடியாது. வாணியம்பாடியில் என் தம்பி சேகருடைய கடை நொடித்துப்போயிருந்தது. அவன் ஒரு கல்யாண வீட்டில் என் வீட்டுக்காரர் முரளியைப் பலர் முன்னால் கேவலமாகப் பேசியவன். அதன் பிறகு, "அவனுக்கு நம்ம வீட்டுக் காசு ஒரு ரூபா போகக் கூடாது" என்று முரளி சொல்லிவிட்டார். ஆனால் தம்பியின் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டுமே. மாதம் நாலாயிரம் அனுப்பினேன். எங்கள் ஆப் எங்கள் இருவர் போனிலும் ஒரே கணக்காக ஓடுவது; ஒருவர் எதைப் பதிந்தாலும் மற்றவர் போனில் மணி ஒலிக்கும். 'இதர செலவுகள்' இருந்திருந்தால் அதில் தள்ளியிருப்பேன். பாலிலும் காய்கறியிலும் ஏற்றினால் தெரிந்துவிடும். ஆகவே ஐந்தாறு சிறு தொகைகளாகப் பிரித்து 'மருந்து' என்ற தலைப்பில் போட்டேன். மருந்துச் செலவை யார் கேட்கப்போகிறார்கள்?

முரளி கேட்கவில்லைதான். எட்டு மாதத்தில் ஆப்பின் வரைபடத்தில் மருந்துக் கோடு மேலே மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் மாத்திரை எதுவும் இல்லாததால், அவருக்குத் தெரியாமல் பள்ளியில் வைத்து விழுங்குகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். திடீரென்று பாத்திரம் கழுவினார். தினம் இளநீர் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் என்று கேட்காமல் குடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

ஒருநாள் பிலோ என்னை லேப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "உன் வீட்டுக்காரர் கேட் கிட்ட வந்திருந்தாரு. உனக்கு என்ன வியாதின்னு என்கிட்ட கேக்கறாரு. அழுதுட்டாரு மா."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னேன். அவர் நம்பல. இப்ப நீ சொல்லு."

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "புது வண்டிக்குச் சேத்த காசை உன் ஆபரேஷனுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு, அந்த மனுஷன். இன்னைக்கே சொல்லிடு." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணக்கு சொல்லிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொள், என் குடும்பத்துக்குள் வராதே என்றேன். "சரி, வரல" என்று போய்விட்டாள். மூன்று வாரம் நாங்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று உங்களில் பலர் கேட்டீர்கள். காரணம் இதுதான்.

அவள் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் மாடிப்படியில் எதிரே வந்தாள். "சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

என் கையைப் பிடித்து, "நல்லது மா, இப்ப நிம்மதி" என்றாள். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே போய்விட்டாள்.

அவளுடைய காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். முரளியும் வந்தார். மண் போட்டுவிட்டுத் திரும்பியவர், கையைத் துடைக்காமல் என்னிடம், "உனக்கு என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டாங்க. இனி நான் யார்கிட்ட கேப்பேன்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். மற்றதையும் அங்கேயே நின்று சொன்னேன். எனக்கு வியாதி இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு உயிர் வந்தது. தம்பி பெயரைக் கேட்டதும் அது போய்விட்டது. பழைய வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் பஸ்ஸில் வந்தேன். பதினோரு நாளாக என்னிடம் பேசவில்லை.

பிலோவின் நினைவாக அவள் வீட்டில் ஒரு புடவை கொடுத்தார்கள். அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து எனக்கு வேண்டியது வேறு. கூச்சத்தோடாவது பெயரைச் சொல்லிவிடும் அந்தப் பழக்கம் வேண்டும். அவளிடம் சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க முடியாது. எட்டு மாதக் கணக்கையாவது திருத்தலாம். ஒவ்வொரு பதிவாகத் திறந்து, 'மருந்து' என்பதை 'தம்பி சேகர்' என்று மாற்றி வருகிறேன். நான் ஒன்றை மாற்றும்போதெல்லாம் பக்கத்து அறையில் முரளியின் போன் ஒலிக்கிறது. நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, பாதி முடிந்துவிட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் அந்தச் சத்தத்தை அவர் நிறுத்திவிடலாம். இதுவரை நிறுத்தவில்லை.