ஜஸ்டினாவின் விதைக் கிண்ணம்

ஆல்டோனா ஊரில் உளவியலாளர் ஜஸ்டினா ஹீபர்ட்டின் ஆலோசனை அறையில், வருபவர்கள் கொறிக்க வறுத்த சூரியகாந்தி விதை எப்போதும் கிண்ணம் நிறைய இருக்கும். மனசைத் திறக்கச் சொன்னால் எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவச் சபைச் சனம் வாயை இறுகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் காலத்து ஞாயிறு மதியங்களில், ஜஸ்டினாவின் அப்பா வீட்டில் கூடிய உறவுகள் விதை கொறித்துக்கொண்டேதான் துக்கத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள்.

“அவ்ளோ பெரிய படிப்பு படிச்சது தோல் கூட்டிப் பெருக்கத்தானாடி?” என்று கணவர் கொர்னேலியஸ் சீண்டுவார்.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளில் ஜஸ்டினா வாயே திறக்கவில்லை. கொர்னேலியஸ் அடுப்படிக்குப் போய்த் தாமே விதை வறுத்தார். பாதி கருகிவிட்டது. கிண்ணத்தை மனைவி முன் வைத்து எதிரே உட்கார்ந்தார்.

“கொறி. நான் எங்கயும் போகல.”

ஒன்றைக் கடித்துப் பார்த்தார் ஜஸ்டினா.

“அண்ணனுக்குக் கருகினதுதான் பிடிக்கும்” என்று தொடங்கினார்.