கனகம்மாவுக்கு வாயாக இருந்தேன்

பதுளைக் கடைவீதியில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையின் முதலாளி ஹாஜியார்தான் எனக்குச் செய்தி சொன்னார். "டீச்சர், கனகம்மா தவறிட்டாங்களாம். விடிய நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முந்தியே முடிஞ்சிருச்சாம். தோட்டத்து லொறி டிரைவர் இப்பதான் சொல்லிட்டுப் போறாரு."

சொல்லிவிட்டு எழுந்து போய், கடையின் இரண்டு கதவுகளில் ஒன்றைச் சாத்தினார். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்காகப் பட்டணத்தில் ஒரு கடைக் கதவு சாத்தப்பட்டது. கண்ணில் நீர் வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு இதுதான்: நான் செத்தால் இவர் கதவைச் சாத்துவாரா? பாவி மனம். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை.

கனகம்மா அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நமுனுகுல மலையைப் பார்த்திருக்கும் எங்கள் தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பராக்களில் பிறந்தவர்கள் நாங்கள். நேரில் 'வாடி, போடி' என்று கூப்பிட்டவரை இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். "செத்தாத்தான் மரியாதையா?" என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

அறுபதுகளின் நடுவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வாங்கில்தான் இடம். வாத்தியார் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது கனகம் வாயைத் திறக்கமாட்டார். கழுத்தெல்லாம் வியர்த்துவிடும்; பாவாடை நுனியைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பார். அவருக்கும் சேர்த்து நான்தான் இரண்டு தடவை "உள்ளேன் ஐயா" சொல்வேன். வாத்தியாரும் திட்டித் திட்டிப் பார்த்துவிட்டு அதற்குப் பழகிப்போனார். கடைக்குப் போனால் கனகத்தின் வீட்டுச் சீனியையும் நான்தான் கேட்டு வாங்குவேன். தண்ணீர்த் தாகத்தைக்கூட என் காதில்தான் சொல்வார். "கனகத்துக்கு வாயி வசந்தாகிட்டல்ல இருக்கு" என்று லயத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை! அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது. அவர் பேசாமல் இருந்ததன்மேலும் அன்பு இருந்தது. இரண்டையும் சொன்னால்தான் உண்மை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பிறகு அவர் கொழுந்துக் கூடை மாட்டினார். நான் பதுளைக்குப் படிக்க வந்து அப்படியே டீச்சர் ஆகிவிட்டேன். நான் இல்லாமல் இந்தப் பெண் என்ன செய்யும் என்று அடிக்கடி வருந்துவேன். அப்படி வருந்துவது சுகமாகவும் இருந்தது.

ஒரு விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நல்ல மழை. கொழுந்து மடுவக் கொட்டகையில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று கொஞ்சம் எடை கழிப்பார்கள். அன்று கணக்கப்பிள்ளை வயதானவர்களின் கூடைகளில் மட்டும் கூடுதலாகக் கழித்துக்கொண்டே போனார். கனகத்தின் முறை வந்தது. பழைய பழக்கத்தில் நான் ஓரடி முன்னால் வைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, மழை எல்லாக் கூடையிலயும் ஒரே மாதிரிதானுங்களே பேஞ்சிச்சு? கெழவிங்க கூடையில மட்டும் எப்படிங்க ரெண்டு றாத்தல் கூடப் பேஞ்சிச்சு?"

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுத் திரும்ப நிறுத்தார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், "எப்படிடி பேசுன?" என்று கேட்டேன்.

"நிரையில நின்னு தேயிலைகிட்டயே பேசிப் பழகுனேன். விடிய வேல பிரிக்கிற பெரட்டுல சொல்லணும்னு நெனச்சுச் சொல்லாம வந்ததையெல்லாம் செடிகிட்ட சொல்லுவேன். மொதல்ல மெதுவா, பொறகு சத்தமா. செடி குறுக்க பேசாது பாரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ இருந்தா முந்திக்குவ. எனக்கு வாயத் தொறக்கத் தேவையே வராது" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதன் பிறகு கனகம், கனகம்மா ஆனார். பிரசவத்துக்கு லொறி கேட்க வேண்டுமா, ஒழுகும் கூரைக்குத் தகரம் கேட்க வேண்டுமா, தோட்டத் துரையிடம் போக அவரைத்தான் கூப்பிட்டார்கள். என்னைப் பெற்ற தாயே ஒருநாள், "நீ படிச்சு என்னா? கனகம் மாதிரி நாலு பேரு முன்னுக்குப் பேசுவியா?" என்றார். எனக்கா பேசத் தெரியாது! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே தினம். தொழிற்சங்கக்காரர்கள் அவரைப் பதுளையில் மேடையேறச் சொன்னார்கள். என் வீட்டுக்கு ஓடி வந்தார். "வசந்தா, கை காலெல்லாம் ஒதறுதுடி. எழுதிக் குடு. பாத்து வாசிச்சிட்டு எறங்கிர்றேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் 'மாண்புறு', 'நல்கூர்ந்தோர்', 'ஒருங்கிணைந்தெழுதல்' என்று வரிக்கு வரி வைத்தேன். அவர் தடுமாறுவார், என்னைத் தேடுவார், நான் மேடையேறி வாசிப்பேன். மறுபடியும் அவருக்கு வாய் நானாவேன். இதுதான் என் கணக்கு. அவர் திரும்பத் திரும்ப நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் தாளை விரித்தார். முதல் சொல்லிலேயே நின்றார். கூட்டம் முணுமுணுத்தது. அவர் கண்கள் என்னைத் தேடின. முன்வரிசையில் நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகினார். "எழுதிக் குடுத்தவங்க படிச்சவங்க. நான் கூடை தூக்குறவ. எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிர்றேன்" என்று மழையில் நனைந்த கொழுந்திலிருந்து தொடங்கினார். சிரித்தார்கள்; பிறகு மூச்சுவிடாமல் கேட்டார்கள்; பிறகு கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. "எல்லாம் நீ எழுதிக் குடுத்த தைரியம்டி" என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அடக்கத்தன்று தோட்டத்தில் யாரும் கொழுந்துக்குப் போகவில்லை. தப்பு மேளச் சத்தத்துக்குப் பின்னால் பாதை முழுக்க ஆட்கள். ஹாஜியாரும் பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அங்கேயும் பொறாமைப்பட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் மகள் செல்வி என்னிடம் வந்தாள். சின்ன வயதில் அவள் அம்மா எப்படியோ அப்படியே, தரையைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"பெரியம்மா, பதினாறாம் நாளு நான் நாலு வார்த்த பேசணுமாம். எழுதிக் குடுங்க."

"சரிம்மா."

போகாமல் நின்றாள். "அம்மா முந்தியே சொல்லியிருக்கு. 'எப்பயாச்சும் பேசச் சொன்னாங்கன்னா வசந்தாகிட்ட எழுதி வாங்கிக்க. ஆனா வாசிச்சிராத'ன்னு. ஏன்னு கேட்டா சிரிக்கும்."

தெரிந்திருக்கிறது! இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு சொல் கேட்காமல் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறார். அந்த மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று இப்போது அதற்கும் பொறாமையாக இருக்கிறது.

செல்வி, நீ கேட்டது இதுதான். இந்த முறை நாக்கு இடறும் சொல் ஒன்றும் வைக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ஆனாலும் அம்மா சொன்னபடியே செய். தாளை மடித்து வைத்துவிட்டு, உனக்குத் தெரிந்ததைச் சொல்.

போய் வாருங்கள், கனகம்மா. உங்கள் மகள் பேசும்போது நான் முன்வரிசையில்தான் இருப்பேன். எழுந்திருக்கமாட்டேன்.