நடுவில் ஒரு கட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் சித்தி மகள் கலை திண்டிவனத்திலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். அவளுடைய புத்தக அலமாரி. நடுப்பலகை கயிற்றுக் கட்டில் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அவளுடைய நுழைவுத்தேர்வுப் புத்தகங்கள். கூடவே ஒரு குரல் செய்தி: "யக்கா, பலகை வளைஞ்சிபூடுச்சி. எல்லாப் புக்கையும் எடுத்து மூட்ட கட்டிடுன்னு அப்பா சொல்லிக்கினு கீறாரு. இன்னா பண்றது?"

நான் விழுப்புரத்தில் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவள். பலகை தொங்கினால் என்ன செய்வது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நடுவில் ஒரு கட்டை நிறுத்தலாம். முன் விளிம்பின் அடியில் ரீப்பர் என்கிற ஒல்லியான மரச்சட்டம் அடிக்கலாம். பின்பக்கம் சுவரோடு ஒரு சட்டம் கொடுக்கலாம். தடித்த பலகையாக மாற்றலாம். கனமான புத்தகங்களை ஓரத்துக்குத் தள்ளலாம். இத்தனை வழி இருக்க, நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது புத்தகத்தை எடு என்பதுதான். பெஞ்சு முறிந்தால் பெஞ்சு செய்தவரைத் திட்டுகிறோம். பலகை வளைந்தால் மட்டும் புத்தகத்தைத் திட்டுகிறோம். இது என்ன நியாயம்?

மூட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பச்சை மல்லாட்டையின் மண்வாசனை வந்துவிட்டது. திண்டிவனத்தில் அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். அம்மா வக்கீல். கல்யாணத்துக்குப் பிறகு படித்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் தனியாக வழக்கு எடுக்க ஆரம்பித்தவர். ஆபீஸ் என்று இடம் கிடையாது. எங்கள் கூடத்தில் இருந்த நீள அலமாரியும் அதன் எதிரே இரண்டு நாற்காலிகளும்தான் ஆபீஸ். அலமாரி நிறைய தடித்த அட்டை போட்ட தீர்ப்புத் தொகுதிகள். ஓரமெல்லாம் பென்சிலில் பொடிப்பொடியாக அம்மாவின் குறிப்புகள். வருகிறவர்கள் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரிசையைப் பார்ப்பார்கள். பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அலமாரி என்னவோ பார்க்கப் பெரிதுதான். பலகைதான் மரத்தூளை அழுத்திச் செய்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் ஒரு தாங்கல் கிடையாது. ஒரு கட்டை போடச் சொல்லி அம்மா கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம் பாக்கலாம்" என்பார் அப்பா.

அதனால் அம்மா சரஸ்வதி பூஜைக்குக் காத்திருப்பார். அன்றைக்குத்தான் எல்லாப் புத்தகமும் இறங்கிப் படத்துக்கு முன்னால் போகும். வருடத்தில் அலமாரி காலியாகும் ஒரே நாள். நானும் அம்மாவும் பலகைகளை உருவித் தலைகீழாகத் திருப்பிப் போடுவோம். தொங்கிய வயிறு இப்போது முதுகாகிவிடும். மறுநாள் புத்தகங்கள் ஏறி உட்கார, பொங்கலுக்குள் பலகை சமமாகும். சித்திரை வெயிலுக்கு மறுபடி தொங்கும். இதைப் பார்த்துவிட்டு அப்பாவின் அக்கா, என் அத்தை, "வக்கீலம்மா பலகைக்கும் சேத்துப் படைக்குது பாரு" என்று சிரிப்பார். நானோ அதுதான் உலக வழக்கம் என்று நம்பி வளர்ந்தேன். கல்லூரியில் வளைவுக் கணக்கு நடத்தும்போது, "திருப்பிப் போட்டா போதுமே சார்" என்று நான் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது.

ஒரு வருடம் அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சீர்ப் பாத்திரங்களை எங்கள் கூடத்தில் அடுக்கிவைத்தால்தான் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று அத்தை முடிவு செய்தார். அம்மா ஒரு வழக்குக்காக விழுப்புரம் கோர்ட்டுக்குப் போயிருந்த பகலில், தொகுதிகள் எல்லாம் மல்லாட்டைச் சாக்குகளுக்குள் போயின. சாயங்காலம் அம்மா வந்து பார்த்தபோது அலமாரியில் பித்தளை அண்டா, குடம், தாம்பாளம்.

"எங்கங்க புக்கு?"

"குடோன்ல பத்திரமா கீது. அந்தப் பலகையும் பாவம், எத்தினி நாளைக்குத் தாங்கும்? கல்யாணம் முடியட்டும், ஜல்தியா எடுத்தாந்துடலாம்" என்றார் அப்பா.

மறுநாள் பெருமுக்கல்லிலிருந்து நில வழக்குக்காக வந்த அம்மாள் ஒருவர், வாசலிலேயே தயங்கி, "பாத்திரக் கடையாம்மா? வக்கீலம்மா வூடு எதும்மா?" என்று கேட்டார். அம்மா, "இதான், உள்ள வாங்க" என்றார்.

பித்தளைக்கும் பலகை தொங்கியது. தொங்காமல் என்ன செய்யும்? ஒரு வாரம்கூட ஆகவில்லை, அத்தை கத்தினார்: "டேய் தம்பி, அண்டா உருண்டு நசுங்கிட்டா மாப்ள வூட்டுக்கு இன்னாடா பதில் சொல்றது?" மத்தியானத்துக்குள் ஆசாரி வந்தார். நடுவில் கட்டை வந்தது. முன் விளிம்பில் ரீப்பர் வந்தது. வேலை முடிந்து ஆசாரி போனதும் அம்மா கேட்டார்:

"ஏங்க, இத நான் எத்தினி வருஷமா கேட்டேன்?"

"பித்தளம்மா அது. வெயிட்டு."

"புக்கும் வெயிட்டுன்னுதான எடுத்தீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

கல்யாணம் முடிந்து பாத்திரங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயின. சாக்குகளைத் திறந்தால் பாதிக்குமேல் கரையான். பிழைத்த தொகுதிகளை அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்துக் கட்டையின் இடதுபக்கம் அடுக்கினார். வலதுபக்கம் காலி. புது டீ கப் செட் வைக்கலாம் என்று அத்தை சொன்னபோதும், பள்ளிக்கூடத்தில் ஜெயித்த கோப்பையை வைக்கட்டுமா என்று நான் கேட்டபோதும் அம்மா சொன்னது ஒன்றே: "இருக்கட்டும். அவரு பாக்கட்டும்."

அப்பா பல வருடம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

கலைக்குப் பதில் அனுப்பினேன். கட்டையும் ரீப்பரும் எடுத்துக்கொண்டு மத்தியானமே வருகிறேன், அதுவரை ஒரு புத்தகமும் கீழே இறங்கக் கூடாது, சித்தப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல் என்று. உடனே அவள், "பெரியம்மா அலமாரி கீதாக்கா? அதயே குடேன்" என்றாள்.

இல்லை. மண்டியை மூடிவிட்டு விழுப்புரத்துக்கு வீடு மாறியபோது அதைப் பழைய சாமான்காரர் எடுத்துப்போனார். கழற்றும்போது அப்பா ஒரு பலகையை வெளிச்சத்தில் பிடித்து, காலியாகவே கிடந்த வலதுபக்கத்தைத் தடவி, "இந்தப் பக்கம் மட்டும் தேயாம புதுசு மாரி கீதே, செல்வி?" என்றார். அம்மா, "ஆமாங்க" என்றார். பலகையைக் கீழே வைக்காமல் அப்பா வெகுநேரம் நின்றார்.

கரையான் தின்ற தீர்ப்புகள் எல்லாமே இன்று அம்மாவின் போனில் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போதே தேடி எடுத்துவிடுகிறார். ஓரத்தில் அவர் பென்சிலில் எழுதியவைதான் எதிலும் இல்லை.