கொட்டாத பூச்சிக்குப் பயந்த அட்மின்

போன மாதம் எங்கள் தென்காசி பூச்சி ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கிரேன் ஃப்ளை படங்கள் போட்டேன். நீளக் கால்களோடு ராட்சதக் கொசு போலிருக்கும், ஆனால் கடிக்காது. ஒன்று இறக்கையை விரித்து உட்காரும் வகை, மற்றது முதுகின்மேல் மடக்கி வைக்கும் வகை.

அட்மின் அண்ணாச்சி உடனே எழுதினார்: "ஏம்மா, கொசுவயெல்லாமா போட்டோ எடுக்குத? மருந்து அடிக்க வாரவங்களுக்கு அனுப்பு."

வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் விளக்கம் எழுதி முடிப்பதற்குள் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

இன்று காலை ஐந்தருவிப் பாதையில் அவர் ஒரு கூட்டத்துக்குப் பூச்சி காட்டிக்கொண்டிருந்தார். போனில் வீடியோ எடுத்தபடி நானும் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

ஈரப் பாறையில் ஒரு கிரேன் ஃப்ளை. வால் நுனி ஊசி மாதிரி இருந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! கொடுக்கு வச்சிருக்கு, கொட்டிப்புடும்!" என்று பின்வாங்கியவர், சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார்.

நான் அதை உள்ளங்கையில் ஏற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "அது முட்ட போடுத கொழாய், அண்ணாச்சி. இது பொட்டப் பூச்சி. ஆணுக்கு நுனி மொட்டையா இருக்கும்."

இந்த முறை சிரித்தது அவர் கூட்டி வந்தவர்கள். என் போனை அப்போதுதான் கவனித்தார்.

மத்தியானமே என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். கூடவே தனிச் செய்தி: "தாயி, அந்த வீடியோவ மட்டும் குரூப்புல போட்டுராத."

சத்தியமாகக் குழுவில் போடவில்லை, அண்ணாச்சி. இங்கேதான் போட்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களெல்லாம் கீழே கமெண்ட்டில் வரிசையாக வாருங்கள்.