மூன்று லிட்டர் மல்லிகை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. மைசூரில் ஒரு சின்ன ஊதுபத்தி கம்பெனியில், வாசனை கலக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். கொத்தனார் வேலை பார்த்த அப்பாவோ, மகள் பி.எஸ்ஸி. வேதியியல், கம்பெனியில் பெரிய உத்தியோகம் என்று அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. சேர்ந்த முதல் நாளே, வாசனை எண்ணெயில் பத்தி முக்கும் பெண்களை நிறுத்தி வைத்து கிலோ, ஹெக்டோ, டெக்கா, டெசி, சென்டி, மில்லி என்று பாடம் நடத்தியவள் நான். அவர்களில் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து வந்த, என் வயதே ஆன ஒருத்தி அன்றிலிருந்து என்னை 'டீச்சர்' என்றே கூப்பிட்டாள். அது மரியாதையில்லை என்பது எனக்கும் தெரியும்.

மூன்றாவது மாதக் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கூடவே வந்த தாளில், ஒரு வாளி எண்ணெய்க்கு மல்லிகை வாசனை முப்பது சென்டிலிட்டர் என்று போட்டிருந்தது. எங்களிடம் எல்லாமே லிட்டர் கணக்குதான். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று இருந்திருக்கலாம். பி.எஸ்ஸி. காத்திருக்குமா? ஒரு கையில் கேனைத் தூக்கிக்கொண்டு, மறுகை விரல்களில் சென்டியிலிருந்து லிட்டருக்கு ஏறினேன். இரண்டு படி ஏற வேண்டியவள் ஒரு படியோடு நின்றுவிட்டேன். முந்நூறு மில்லி ஊற்ற வேண்டிய வாளியில் மூன்று லிட்டரை ஊற்றினேன்.

மல்லிகை அளவு மீறினால் மணக்காது, நாறும். கண்ணெல்லாம் எரிந்தது. எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, உள்ளே யாருக்குக் கல்யாணம் என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், இதை எங்கே மறைப்பது? வேலை போய்விட்டது, அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாளி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மார்டள்ளிக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். எவ்வளவு ஊற்ற வேண்டும், எவ்வளவு ஊற்றினேன் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"பத்துப் பங்குதானுங்க டீச்சர்? பத்து வாளியாப் பிரிச்சு எண்ணெய ஊத்துனாத் தீந்துது. இதுக்குப் போயி அழுவறீங்களே."

டெசி, சென்டி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவளே மற்றப் பெண்களைக் கூப்பிட்டு வாளிகளை வரிசையாக வைத்தாள். சூப்பர்வைசர் கேட்டிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு பத்து வாளியையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார வேலை இன்றைக்கே முடிந்தது என்று போய்விட்டார். வேலை தப்பியது. நான்கு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

அவள் அன்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது; போகாமல் நின்றாளே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது.