ஒரே வளையத்தில் இரண்டு சாவி

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது கூப்பிட்டால், நான் போய்ச் சேருவதற்குள் அக்கம்பக்கத்தில் நாலு பேர் வைத்தியம் பார்த்து முடித்திருப்பார்கள். ஐந்தாவது ஆளாகப் போய் நிற்பதுதான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழில். பதினாறு வருஷமாக மதுரையில் இதைத்தான் செய்கிறேன். அதில் பாதி, 'இம்மொபிலைசர்' என்கிற ஒரே வார்த்தையோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

கார் வைத்திருக்கிற நீங்களும் இதில் ஒருநாள் மாட்டியிருப்பீர்கள். அவசரமாகக் கிளம்பும்போதுதான் இது வரும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் மட்டும் பிடிக்காது. மீட்டரில் பூட்டுப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று கண்ணடித்துக்கொண்டிருக்கும். விஷயம் ரொம்பச் சின்னது. உங்கள் சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் வண்டி "நீ யாரு?" என்று கேட்கும். சிப் தன் பெயரைச் சொல்லும். சரியான பெயர் வந்தால் என்ஜின் ஓடும். வராவிட்டால் உங்களைத் திருடன் என்று முடிவு கட்டிவிடும்; இந்தக் காவலுக்குப் பெயர்தான் இம்மொபிலைசர். சொந்தக் காரே நம்மைத் திருடன் என்று நினைப்பதில் உள்ள அவமானம் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

ஜோடியாகக் கொடுத்தேன்

மேலூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் அழகு அண்ணன் இருக்கிறார். நெல் விவசாயம். அவர் மனைவி பாண்டியம்மா மதினிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் மதுரைக்கு வந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதற்காகவே அண்ணன் ஒரு பழைய கார் வாங்கினார். அதற்குச் சாவி ஒன்றுதான் இருந்தது. அது தொலைந்துபோனால் ஆஸ்பத்திரி நாள் தவறிவிடுமே என்ற பயத்தில், இன்னொரு சாவி போட என்னைக் கூப்பிட்டார்.

வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அண்ணன் "மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்று ஆரம்பிக்க, அதே நொடியில் மதினி "ஏசி குளுரவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்தார். இரண்டு பேருமே நிறுத்தவில்லை. இழுக்காதது ஏசியா, குளிராதது மேடா என்று எனக்கே குழம்பிவிட்டது. அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் இரண்டு பதில் சேர்ந்துதான் வரும்.

லேப்டாப்பை மாட்டி, புதுச் சாவியின் பெயரையும் வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு என் வழக்கப்படி இரண்டு சாவிக்கும் குங்குமம் வைத்து, என் கடைப் பெயர் போட்ட பித்தளை வளையத்தில் ஜோடியாகக் கோத்து, வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தேன். ஒற்றைச் சாவியாகக் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. அண்ணன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மதினி வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே பயமில்ல தம்பி. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு கூடவே கிடக்கும்ல!"

மொபைல் லேசர்

கோரிப்பாளையத்திலிருந்து ரஹீம் பாய் கூப்பிட்டார். நேற்றுச் சாயங்காலம் வரை ஓடிய கார், காலையில் எடுக்கவில்லையாம். "இம்மொபிலைசரா இருக்கும் பாய், வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தர்கா பக்கம் போய், எந்தச் சந்து என்று கேட்க போன் போட்டால் மணி அடிக்கிறதே தவிர எடுக்க ஆளில்லை. விடாமல் அடித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் சந்து சந்தாகச் சுற்றி, கடைசியில் டீக்கடையில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் கார் நிற்கிறது. அதற்கு இருபதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் வீட்டில் உள்ள அத்தனை பேரின் செல்போனும் குவிந்து கிடக்கிறது. நான் சொன்னது பாயின் காதில் 'மொபைல் லேசர்' என்று விழுந்து, செல்போனிலிருந்து ஏதோ லேசர் போய் வண்டியைக் கெடுக்கிறது என்று எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டார்.

சாவியை வாங்கிப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. கூடு உடைந்துவிட்டதால் நேற்றுச் சாயங்காலம் ரோட்டோரக் கடையில் புதுக் கூடு மாற்றினாராம். எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரர் உலோகத் தண்டையும் பட்டனையும் மட்டும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டு, சிப்பைப் பழைய கூட்டிலேயே விட்டிருக்கிறார். "பழைய கூடு எங்க பாய்?" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. விளையாட வைத்துக்கொள் என்று பேத்தியிடம் கொடுத்துவிட்டாராம். வீடே குனிந்து தேடியது. கட்டிலுக்கடியில், அந்தப் பிள்ளையின் சொப்புக் குக்கருக்குள், கொஞ்சம் மண்ணோடும் இரண்டு பட்டாணியோடும் சிப் வெந்துகொண்டிருந்தது. துடைத்து எடுத்துச் சாவிக்குள் வைத்தேன். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. பாய் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்: "அல்ஹம்துலில்லாஹ்! இப்ப போன எடுக்கலாமா தம்பி? பதினோரு தடவ அடிச்சு ஓஞ்சிருச்சு, எவன்னு பாக்கணும்."

தள்ளினால் எடுக்காது

அவனியாபுரத்தில் ஒருவர் காரை, அவருடைய கூட்டாளிகள் ஆறு பேர் பைபாஸிலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தள்ளித் தள்ளிக் கியரைப் போட்டால் எடுத்துவிடும் என்று நம்பிக்கை. பேட்டரி இறங்கின வண்டிக்கு அந்த வித்தை பலிக்கும். பெயர் கேட்டு அடம்பிடிக்கிற வண்டியைத் தூத்துக்குடி வரை தள்ளினாலும் எடுக்காது. நான் போனபோது ஆறு பேரும் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஸ்டியரிங் பக்கத்தில், சாவியின் பெயரை வண்டிக்குக் கொண்டுபோகிற வயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப்போட்டதும் ஓடிவிட்டது. அதில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "இத மொதல்லயே போன்ல சொல்லியிருந்தா அம்புட்டுப் பேரும் டீக்கடையிலேயே உக்காந்திருப்போம்ல மாப்ள."

தகடு

வில்லாபுரத்தில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அந்த வீட்டுக் காருக்கு ஒரு விசித்திர வியாதி. மனைவி திருப்பினால் எடுக்கும், கணவர் திருப்பினால் எடுக்காது. ஒரு வாரமாக இதே கதை. கணவர் ஜவுளிக் கடைக்குப் போக மனைவிதான் வந்து ஸ்டார்ட் செய்து தர வேண்டியிருந்தது. அந்தம்மா சும்மா இருப்பாரா, "வண்டிக்கே யாரு சொன்னா கேக்கணும்னு தெரிஞ்சிருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் போய் நின்றதும் இருவரும் அவர்கள் பாஷையில் பொரிந்து தள்ளினார்கள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'பேட்டரி'. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இருவரிடமும் தனித்தனிச் சாவி இருந்தது. கணவரின் சாவித் தலையைச் சுற்றி ஒரு செப்புத் தகடு, அதன்மேல் கறுப்புக் கயிறு. கார் திருட்டுப் போகக்கூடாது என்று போன வாரம் மந்திரித்துக் கட்டியதாம். தகடு சுற்றிக்கொண்டால் சிப் பேசுவது வண்டிக்குக் கேட்காது. அது சாமி சமாச்சாரம், நான் அறுக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டேன். அந்தம்மாவே பயபக்தியோடு அவிழ்த்துக் கண்ணாடிக்கு மேலே தொங்கவிட்டார். கணவர் திருப்பினார், எடுத்தது. "சாவிப் பக்கத்துல வேற உலோகம் எதுவும் இருக்கக்கூடாதுண்ணே, இதுகூடத் தெரியாம இருக்கலாமா?" என்று பெரிய வாத்தியார் மாதிரி பேசினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்காகப் பின்னால் நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. அவரோ ஒரு வாரத்து மானத்தை ஒரே வாக்கியத்தில் மீட்டுக்கொண்டார்: "அப்ப தகடு வேலை செஞ்சிருக்குங்க. ஒரு வாரமா என்னாலயே எடுக்க முடியலையே!"

பதினோரு மணிப் படுக்கை

இதற்கிடையில் அழகு அண்ணன் இரண்டு தடவை போன் செய்திருந்தார். "வண்டி சில நேரம் அடம்பிடிக்குதுய்யா. நாலஞ்சு தடவ திருப்புனாத்தான் எடுக்குது." நான் வேறு வேலையில் இருந்தேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது போன் ஒரு டயாலிசிஸ் நாளில், காலை ஏழு மணிக்கு வந்தது. வண்டி சுத்தமாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மதினிக்குப் பதினோரு மணிக்குப் படுக்கை. பிந்தினால் அது அடுத்தவருக்குப் போய்விடும், மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படித் தவறிப்போய் அன்று ராத்திரி முழுக்க மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே இருந்தாராம். ஒன்பது மணிக்கு ஊருக்குள் ஒரு பஸ் வரும். ஆனால் போன தடவை பஸ்ஸில் போய்த் திரும்பும்போது மதினி பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தவர்.

பைக்கை விரட்டிக்கொண்டு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மதினி கால் வீங்கி, செருப்பைப் போட முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிவப்பு விளக்கு கண்ணடித்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், வழக்கம்போல இரண்டு பேரும் சேர்ந்து பேசினார்கள். வயரைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மணி எட்டே முக்கால். பிடிபடாதபோது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். "இம்மொபிலைசர் பெட்டி போயிருச்சுண்ணே. வெளியூருக்கு அனுப்பணும், பத்து நாளாகும்." அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வரும் பக்கம் பார்த்தார்.

மதினிதான், "சரி, பஸ்ஸுக்கு நடங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டிய நீங்க பாத்துக்கங்க தம்பி. ஒரு சாவி உங்ககிட்ட இருக்கட்டும், ஒண்ண நாங்க வச்சுக்கிறோம்" என்று வளையத்தை நகத்தால் நெம்பி, ஒரு சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். வேறு ஒன்றும் தோன்றாமல், சும்மா கை பழக்கத்தில் அதைப் போட்டுத் திருப்பினேன்.

வண்டி எடுத்துவிட்டது.

அணைத்துவிட்டு, இரண்டாவது சாவியை வாங்கி வளையத்தில் பழையபடி கோத்துத் திருப்பினேன். எடுக்கவில்லை. கழற்றித் திருப்பினேன். எடுத்தது. வண்டி "நீ யாரு?" என்று கேட்கும்போது, ஒட்டிக்கிடக்கும் இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் பெயர் சொல்லியிருக்கின்றன. விலகித் தொங்கின நாளில் ஓடியிருக்கிறது, ஒட்டிக்கொண்ட நாளில் மறுத்திருக்கிறது. வில்லாபுரத்தில் தகட்டுக்குப் பாடம் நடத்தியவன் கண்ணுக்கு, கடைப் பெயரோடு தொங்கிய சொந்த வளையம் தெரியவில்லை.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கைராசிக்காரன்யா நீ!" என்றார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. மதினி கையில் இருந்த செருப்பைப் பார்த்தேன், முடியவில்லை. "இல்லண்ணே. வண்டியில ஒண்ணுமில்ல. ரெண்டு சாவியையும் சேத்துக் கோத்தது தப்பு. கோத்துக் குடுத்தது நான்தான்" என்றேன். அண்ணன் கையை விட்டார். திட்டலாமா, கும்பிடலாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மதினி அதற்குள் கதவைத் திறந்து ஏறிவிட்டார். "மொத ஏறுங்க. திட்டுறத போற வழியில திட்டிக்கலாம்."

புழுதி அடங்கும் வரை நான் ரோட்டிலேயே நின்றேன். பிறகு பக்கத்து மோட்டார் ரூம் தொட்டியில் போய் முகம் கழுவிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடித்தது. "வந்துட்டோம்யா" என்று அண்ணனும், "பெட்டு கிடச்சிருச்சு தம்பி" என்று மதினியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். முதல் தடவையாக இரண்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தொட்டிச் சுவரில் சாய்ந்தேன்; அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது. "மன்னிச்சுருங்க மதினி" என்றேன். அவர் அண்ணனிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: "அட விடுங்க தம்பி. நாங்க ரெண்டு பேரு சேந்து பேசுனா உங்களுக்கே ஒண்ணும் விளங்க மாட்டேங்குது, அந்த வண்டி மட்டும் என்ன செய்யும் பாவம்!"

இப்போதெல்லாம் குங்குமம், வெற்றிலை எல்லாம் உண்டு, ஆனால் சாவியைத் தனித்தனியாகத்தான் கொடுக்கிறேன். ஜோடியாக இருக்க வேண்டியவர்கள் காருக்குள் உட்கார்ந்துகொண்டால் போதும்.