நான் செய்த ஃபில்டர்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றில் கறிக்குழம்புகளை ஊற்றித் தரும் என் நாசி கண்டார் கடையை நானே உண்டாக்கினேன். சாப்பிட வருபவர்கள் தொட்டு ஆர்டர் செய்யும் திரைக்கு நிரலும் நானே எழுதினேன். பட்டியலில் வேண்டியதை மட்டும் பொறுக்கித் தர ஃபில்டர் என்ற கருவி தயாராகவே உண்டு. ஆனால் சொந்தமாகச் செய்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். செய்தேன்.

ஒருநாள் ஒருவர் திரையில் மாட்டுக்கறி வேண்டாம் என்று தொட்டு ஆர்டர் செய்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் திரையைப் பார்த்து, "என்ன பாய், மாடு எங்க? சைவக் கடையாக்கிட்டீங்களா?" என்று கேட்டார். பக்கத்திலேயே சட்டி நிறைய மாட்டுக்கறி!

மகள் சிரித்தாள். "அத்தா, ரெடிமேட் இருக்கு லா. உங்களோடத தூக்கிப் போடுங்க."

"என் கடையில எதத் தூக்கணும்னு நீ சொல்றியா? நவுரு!"

கோபத்தோடே உட்கார்ந்து தேடினேன். ஒருவர் வேண்டாம் என்றதற்கு, சட்டியையே அடுப்படிக்குத் தூக்கிப் போவது மாதிரி, என் ஃபில்டர் மூலப் பட்டியலிலிருந்தே மாட்டை எடுத்துவிட்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் புதுத் தட்டு வைப்பது மாதிரி ஒரு புதுப் பட்டியல் வைத்து, வேண்டியதை மட்டும் அதில் எடுத்துப் போடும்படி மாற்றினேன். மூலப் பட்டியலைத் தொடவில்லை. மாடு திரைக்கு வந்தது.

"இப்ப ரெடிமேட் மாதிரியே ஓடுது, அத்தா."

மாதிரியாம்! அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.